பகலில் கண் சொக்குகிறதா? சோம்பேறிப் பட்டம் வேண்டாம்

அதிகாலை வானொலி நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை. “அக்கா, நல்லா அதிரடியா ஒரு பாட்டுப் போடுங்க, கண்ணு சொக்குது.”

அனுப்புபவர் ஈப்போவிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுநராக இருப்பார். ஜொகூர் பாலத்துக் குடிநுழைவு வரிசையில் மோட்டாரை உருட்டிக்கொண்டிருப்பவராக இருப்பார். இரவு ஷிப்ட் முடிந்து காரை எடுக்கும் தாதியாக இருப்பார். (வண்டி ஓட்டும்போது குரல் பதிவு அனுப்புவது தனிக் கதை, அதை இன்னொரு வாரம் பேசலாம்.) நாங்களும் பாட்டைப் போடுகிறோம். அவர்களும் நன்றி சொல்லி இன்னொரு பதிவு அனுப்புகிறார்கள்.

வானொலியில் வேலை செய்துகொண்டு இதை எழுதச் சற்றே சங்கடமாகத்தான் இருக்கிறது: பாட்டு தூக்கத்தை விரட்டாது. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹோர்ன், லூயிஸ் ரெய்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1990களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முதல் நாள் இரவு குறைவாகத் தூங்கிய ஓட்டுநர்களை மாதிரிக் காரில் உட்காரவைத்து, முகத்தில் குளிர்காற்று படவைத்தும் வானொலியைப் போட்டுவிட்டும் பார்த்தார்கள். இரண்டின் பலனும் மிகக் குறைவு, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதே குழுவின் வேறு சோதனைகளில் உருப்படியாகக் கைகொடுத்தது, வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பி குடித்து, கால் மணி நேரத்துக்கும் குறைவாகக் கண்ணயர்ந்து எழுந்ததுதான்.

சாலை விபத்துச் செய்திகளில் ‘மைக்ரோஸ்லீப்’ என்ற சொல்லை இப்போது அடிக்கடி படிக்கிறோம். சில வினாடிகள் மூளை விழிப்பிலிருந்து நழுவிவிடுவதற்கு அந்தப் பெயர். கண் திறந்தே இருக்கலாம். தூங்கியதே தெரியாமலும் போகலாம். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 30 மீட்டர் ஓடுகிறது. நான்கு வினாடி என்றால் 120 மீட்டர். ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகமான தூரத்துக்கு அந்தக் காரை ஓட்ட ஆளே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், மூளை ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அதே 0.05தான், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம், 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டு ஓட்டுநர்களுக்கான மது வரம்பு. ஜொகூர் பாருவில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சிங்கப்பூரில் வேலை முடித்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மோட்டாரில் பாலத்தைக் கடப்பவர் சரியாக அந்த 17 மணி நேரத்தைத் தொட்டிருப்பார். ஒரு சொட்டு மது குடித்திருக்க மாட்டார். எந்தச் சாலைத் தடுப்பிலும் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு

வீட்டில் இரண்டையும் கலந்தேதான் பேசுகிறோம். “ரொம்ப டயர்டா இருக்கு” என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அசதியாக இருப்பவருக்கு உடம்பில் தெம்பு இருக்காது, ஆனால் படுத்தால் தூக்கம் வரும் என்று சொல்ல முடியாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாற்காலியும் ஐந்து நிமிட அமைதியும் கிடைத்தால் போதும், தலை சாய்ந்துவிடும். மருத்துவர் தேடும் காரணங்கள் இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் நமக்கு இருப்பது எது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. மெல்பர்ன் நகரின் எப்வர்த் மருத்துவமனையில் டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991இல் உருவாக்கியது. எட்டுச் சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் நீங்கள் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரக் கார் பயணத்தில் பயணியாக இருக்கும்போது, பிற்பகலில் படுத்திருக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மதிய உணவுக்குப் பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, சாலை நெரிசலில் கார் சில நிமிடம் நிற்கும்போது. வாய்ப்பே இல்லை என்றால் 0, மிக அதிகம் என்றால் 3. மொத்தம் 24. கூட்டுத்தொகை 10க்கு மேல் போனால் அது இயல்பைத் தாண்டிய தூக்கக் கலக்கம். அதிலும் கடைசிக் கேள்விக்கு 2 அல்லது 3 போடுகிறவர் மொத்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது என்பது என் கருத்து. சிவப்பு விளக்கில் தூங்கிவிடுபவருக்குப் பச்சை விளக்கிலும் அதே மூளைதான்.

முதலில் மணிக்கணக்கு

பகல் தூக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் இரவுத் தூக்கம் போதாமை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பதின்ம வயதினருக்கு எட்டிலிருந்து பத்து. “எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், பழகிருச்சு” என்று சொல்லாத உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. பழகுவது உண்மையில் என்ன என்பதை 2003இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. 14 இரவுகள் ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அவர்களுக்கோ அது பெரிதாகத் தெரியவில்லை. ஏதோ கொஞ்சம் தூக்கக் கலக்கம், மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். பழகிப்போனது அந்த நினைப்புதான், மூளை பழகவில்லை.

தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் ஜொகூர்–சிங்கப்பூர் எல்லையில் இந்தக் கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள். நான்கு மணிக்கு எழ வேண்டியவர் ஏழு மணி நேரம் தூங்க ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு அவர் பாலத்தில் இருக்கிறார். வீடு சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கதையைக் கேட்டு முடிக்கும்போது பதினொன்று. இவரிடம் போய்க் கைப்பேசியைத் தூர வையுங்கள், லாவெண்டர் எண்ணெய் தடவுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. வாரத்தில் எத்தனை நாள் ஓவர்டைம், அந்தப் பணத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று குடும்பமாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. வேலை முடிந்ததும் நேராக மோட்டாரை எடுக்காமல், வேலையிடத்திலேயே 15 நிமிடம் தலையைச் சாய்த்துவிட்டுக் கிளம்பினால்கூடச் சாலையில் வித்தியாசம் தெரியும்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு எப்படியும் தூங்கத்தான் கேட்கும். வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போகும் அந்த அரை மணி நேரமே நாளில் ஆபத்தான நேரம், முடிந்தவரை வேறொருவர் வண்டியில் சேர்ந்து போவது நல்லது. வீட்டில் கனமான திரை, அறைக்குள் இருட்டு, அழைப்பு மணியில் ஒரு துண்டுத் தாள். இவ்வளவும் செய்து ஒருவர் பகல் பத்து மணிக்குப் படுத்திருந்தால், வந்த விருந்தாளி “இன்னுமா தூங்குறாரு?” என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்.

சூரியனுக்கு முந்தும் கடிகாரம்

நம் வட்டாரத்தில் எல்லாருக்குமே சேர்ந்து ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா, சபா சரவாக்குடன் ஒரே நேரம் பின்பற்றுவதற்காகக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியது. சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. இன்று கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றே காலுக்கு. சுவர்க் கடிகாரம் சூரியனைவிட ஒன்றே கால் மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சுவரைப் பார்ப்பதில்லை. கண்ணில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை ஐந்தரைக்கு எழுப்பும்போது சூரியக் கணக்கில் மணி நாலே கால். வெளியே கும்மிருட்டு. மாலை ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் இரவில் தூக்கம் பிடிப்பதும் தாமதமாகிறது. போதாக்குறைக்கு, பருவ வயதில் உடல் கடிகாரமே இன்னும் பின்னால் தள்ளிப்போகும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வரும் நான்காம் படிவ மாணவனுக்குப் பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராததில் பிடிவாதம் எதுவும் இல்லை.

சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் காலைத் தொடக்கத்தை ஏழரையிலிருந்து எட்டே காலுக்கு மாற்றியது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது மாணவிகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்து நிமிடத் தூக்கம்தான் கூடியிருந்தது. ஆனாலும் பகல் தூக்கக் கலக்கம் குறைந்து, மனநிலையும் மேம்பட்டிருந்தது. பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியாது. டியூஷன் நேரத்தை மாற்றலாம். வாரத்தில் இரண்டு வகுப்பைக் குறைத்தால் மதிப்பெண் போய்விடும் என்று பயப்படும் பெற்றோரிடம், தூங்கி வழியும் தலைக்குள் அந்த வகுப்பு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

வாழை இலை மீது பழி

பிற்பகல் இரண்டு மணி மந்தத்துக்கு வாழை இலைச் சாப்பாட்டைக் குறை சொல்வது நம் வழக்கம். மதியம் சாப்பிடாதவர்களுக்கும் அந்த நேரத்தில் விழிப்பு சற்றே இறங்குகிறது, அது உடல் கடிகாரத்தின் வேலை. சாப்பாடு கனமானால் மந்தம் கூடும், அவ்வளவுதான். பத்திலிருந்து இருபது நிமிடக் குட்டித் தூக்கம் இதற்குப் போதும். முக்கால் மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து, இன்னும் மோசமாகத் தள்ளாட வேண்டியிருக்கும்.

காப்பி, தே தாரிக் பற்றி ஒரு தகவல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தைக் கூட்டுகிறது. காஃபின் அது வந்து உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அடினோசின் குறைவதில்லை, காத்திருக்கிறது. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு மாமாக் கடையில் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. அன்றிரவு தூக்கம் மெலிகிறது, மறுநாள் இன்னொரு கோப்பை கூடுகிறது.

மருந்துப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் வீட்டில் எப்போதும் இருக்கும் பிரிட்டன் மாத்திரை தூக்கம் வரவழைக்கக்கூடியது. அதே வகை மருந்து பல இருமல் மருந்துகளிலும் கலந்திருக்கிறது. சில வலி நிவாரணிகள், மனநலத்துக்கான சில மருந்துகள், வலிப்பு மருந்துகள் ஆகியவையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தகத்தில் கேட்டால் தூக்கம் குறைவாக வரும் மாற்று உண்டா என்று சொல்வார்கள்.

எட்டு மணி நேரம் தூங்கியும் தீரவில்லையா?

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பகலில் கண் மூடுகிறதென்றால், அடுத்த கேள்வியை உங்களிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்தில் படுப்பவரிடம்தான் கேட்க வேண்டும்: குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு திரும்ப வருகிறதா?

குறட்டையை நாம் நல்ல தூக்கத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். “அப்பா அசந்து தூங்குறாரு” என்கிறோம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடுவதை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிறார்கள், தூக்க மூச்சடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வினாடி, இருபது வினாடி மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உடம்பை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய மூச்சு வரும், மறுபடி தூக்கம். கடுமையான நிலையில் இது மணிக்கு 30 முறைக்கு மேல் நடக்கும். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் அப்பா தூங்கவே இல்லை என்பதுதான் உண்மை. அவருக்கும் அது நினைவிருக்காது.

இது அரிதான நோய் அல்ல. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் சேர்த்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான மூச்சடைப்பு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு முக்கியக் காரணங்களில் ஒன்று. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் பாதிப் பேருக்கு எடை அளவுக்கு மேல், அதில் இந்தியர்கள்தான் முன்னணியில். நீரிழிவிலும் நாம்தான் முதலிடம். மூச்சடைப்பு உயர் இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் பக்கவாதத்தோடும் தொடர்புடையது. மூன்று மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் அடங்காதவர் இரவில் குறட்டை விடுகிறார் என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒல்லியானவர்களுக்கும் வரும். சிறிய, பின்தள்ளிய தாடை இருந்தாலே போதும். பெண்களுக்குப் பெரும்பாலும் பெரிய குறட்டை இருக்காது. காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, நாளெல்லாம் சோர்வு என்று வேறு முகத்தில் வரும். மாதவிடாய் நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. “வயசாச்சு, அப்படித்தான்” என்று ஒதுக்கிவிடுவதால் அம்மாக்களின் நோய் கடைசியில்தான் தெரியவருகிறது. பிள்ளைகளுக்கு டான்சில் வீக்கத்தால் வரலாம். அவர்கள் தூங்கி வழியாமல், நேர்மாறாக ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பி மந்தம், மன அழுத்தம். பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும் நார்கோலெப்சி என்ற அரிய நோயும் உண்டு. மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அமுக்கும். வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து சரிபவர்களும் உண்டு. கேலிக்கும் திட்டுக்கும் ஆளாகிப் பல ஆண்டுகள் கழித்தே இவர்களில் பலருக்கு நோயின் பெயர் தெரியவருகிறது.

கிளினிக்கில் என்ன சொல்வது?

“அசதியா இருக்கு டாக்டர்” என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். போவதற்கு முன் இரண்டு வாரம், படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம், குடித்த காப்பி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். குறட்டையை ஒரு நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போடும் மருந்துகளின் பட்டியலையும் எப்வர்த் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் லோரி, பேருந்து, டாக்சி ஓட்டுகிறவர், அல்லது தினமும் மோட்டாரில் நெடுந்தூரம் போகிறவர் என்றால் அதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். அங்கே இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ சுவாசப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். மூச்சடைப்பா என்று உறுதிசெய்ய ஓர் இரவுத் தூக்கச் சோதனை நடக்கும். விரல் நுனி, மூக்கு, நெஞ்சு ஆகிய இடங்களில் கருவிகளைப் பொருத்திவிட்டுத் தூங்க வேண்டும், வலி கிடையாது. சிலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய கருவியும் போதுமானதாக இருக்கும்.

மிதமான, கடுமையான நிலைக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பது சிபேப் கருவி. 1981இல் சிட்னியில் டாக்டர் கோலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து மூச்சு வழியைத் திறந்தே வைத்திருக்கும். முதல் சில வாரம் பலருக்குப் பிடிக்காது. மூக்கு வறளும், வார் கன்னத்தில் தழும்பு போடும், “விண்வெளி வீரர் மாதிரி இருக்கீங்க” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். முகமூடியின் அளவை மாற்றினாலோ, ஈரப்பதம் சேர்க்கும் பகுதியைப் பொருத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால், கருவியை அலமாரியில் வைப்பதற்கு முன் கொடுத்தவர்களிடம் ஒரு முறை திரும்பப் போங்கள். லேசான நிலையில் எடை குறைப்பது, பக்கவாட்டில் படுப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது, கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் பல் கருவி ஆகியவையே போதுமானதாக இருக்கலாம்.

சோதனைக்கு நாள் கிடைக்கச் சில மாதம் ஆகலாம். அதுவரை நெடுந்தூரப் பயணம் தனியாக வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். கண் சொக்கத் தொடங்கினால் அடுத்த ஓய்விடத்திலேயே காப்பியைக் குடித்துவிட்டு, இருக்கையைச் சாய்த்து, கைப்பேசியில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். எழும் நேரத்துக்குக் காஃபினும் வேலையைத் தொடங்கியிருக்கும்.